இன்னும் வராத குமிழ்

ஒரு காரின் டேஷ்போர்டில் வெள்ளைக் குமிழ்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஒன்று மட்டும் இல்லை. அந்த இடத்தில் மொட்டையாக ஒரு இரும்புக் கம்பி, விரல் கணு அளவுகூட வெளியே வராமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மயிலாப்பூரில் இருக்கும் அந்த வீட்டை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது இந்தக் கம்பிதான். வண்டியின் சொந்தக்காரரான பெரியவர் அதன் முனையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்ப்பார். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கெட்டியானது. அவர் விரலுக்கு அசையாது. விரலை எடுத்தால் சதையில் சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருக்கும். அதை வேட்டியில் தேய்த்துக்கொண்டு, "இன்னும் வரலையா மேஸ்திரி?" என்று உங்கள் மாமாவைக் கேட்பார். "வந்துக்கினே கீதுங்க ஐயா" என்பார் மாமா.

பிள்ளைகளா, போன மாதம் நீங்கள் இருவரும் பழைய கார் கண்காட்சிக்குப் போய் இதே வண்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தீர்கள். "மாமா, உங்க ஷெட்ல செஞ்ச வண்டி" என்று எழுதி அவருக்கு அனுப்பினீர்கள். அவர் பார்த்துவிட்டார், பதில் போடவில்லை. "மாமாவுக்குத் திமிரு" என்று சின்னவள் சொன்னாள். அம்மா அதைக் கேட்டும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். தன் அண்ணனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவள் என்பது உங்களுக்கே தெரியும். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்றுதான் போனாள். வாயால் சொன்னால் எனக்கும் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மாமாவும் நானும் மந்தைவெளியில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்தோம். பழைய கார்களைப் பிரித்து, துரு எடுத்து, மறுபடி பழையபடி ஆக்கிக் கொடுக்கிற வேலை. ஒயரிங் என்னுடையது. மற்றதெல்லாம் மாமா. வேலையிலேயே கடைசியாக வருவது டேஷ்போர்டில் குமிழ் மாட்டுவது. ஷெட்டில் நாங்கள் நாபு என்போம். விளக்குக்கு ஒன்று, வைப்பருக்கு ஒன்று, காலையில் குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூட்டிக் கொடுக்கும் சோக்குக்கு ஒன்று என்று அந்தக் கால வண்டியில் எல்லாமே இழுக்கிற குமிழ்தான். எஞ்சினைக் கிளப்புவதும் அப்படித்தான். சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது. ஸ்டார்ட்டர் குமிழைப் பிடித்து இழுத்தால்தான் வண்டி உறுமும்.

பெரியவர் வண்டியில் இருந்த பழைய குமிழ்கள் வெடித்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தன. மாமா அதில் முழுசாக இருந்த ஒன்றை வைத்து ரப்பரில் அச்சு எடுத்து, பிசின் ஊற்றிப் புதிதாகச் செய்தார். நிறம் அமைவதற்குள் உயிர் போய்விட்டது. முதலில் வந்தது பாத்ரூம் டைல்ஸ் வெள்ளை. "இத்த மாட்னா வண்டி சிரிக்கும் மாப்ள" என்று தூக்கிப் போட்டார். உடைந்த பழைய துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வெளியே வெயிலில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்ப்பார். கடைசியில் முற்றின தேங்காய்ப் பருப்பின் நிறம் வந்தபோதுதான் விட்டார்.

மாட்டுவதில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பி உருண்டை, அதனால் குமிழின் முகத்தில் இருக்கும் எழுத்து எந்தப் பக்கமும் திரும்பி நிற்கும். பக்கவாட்டில் இருக்கும் பொடி ஸ்க்ரூவை முடுக்கினால் அப்படியே நின்றுவிடும். அதிகம் முடுக்கினால் குமிழ் வெடிக்கும், குறைந்தால் கையோடு வந்துவிடும். மற்ற ஷெட்டுகளில் தாங்களே பார்த்து முடுக்கி அனுப்பிவிடுவார்கள். மாமா, ஓட்டப்போகிற ஆளைக் கூப்பிட்டு சீட்டில் உட்கார வைப்பார். அந்த ஆளின் உயரத்துக்கு, அந்த ஆளின் கண்ணுக்கு எழுத்து நேராக நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ.

பெரியவர் அன்றைக்கு ஆட்டோ பிடித்து வந்தார். வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை. கதவைத் திறந்து உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். மாமா சோக் குமிழைத் திருப்பிக் காட்டினார்.

"சாஞ்சிண்டிருக்கே."

"இப்போ?"

"இப்பவும் கொஞ்சம் சாஞ்சாப்பலதான் இருக்கு."

"ஐயா, நீங்க நேரா குந்துங்க. தலைய சாச்சிக்கினு பாத்தா எழுத்தும் சாஞ்சிதான் தெரியும்."

பெரியவர் சிரித்தார். நேராக உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் இதே கூத்து. வீட்டில் தான் சொல்லி ஒரு நாற்காலியைக்கூட யாரும் நகர்த்துவதில்லை என்று அதற்கு நடுவில் சொன்னார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏதோ பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரிச் சொன்னார். வண்டி வந்ததும் தானே ஓட்டிக்கொண்டு நாலு மாட வீதியும் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அது போதும் என்றார். அந்த வண்டி அவர் சம்பாதித்து வாங்கியது. வேலையில் இருந்தவரை வேறு யாரையும் தொட விட்டதில்லையாம்.

அன்றைக்கு ஸ்டார்ட்டர் குமிழ் மட்டும் தயாராகவில்லை. அது மற்றவற்றைவிடப் பெரியது; பழையது தொலைந்துபோய் மாதிரியும் கிடைக்கவில்லை. ஒரு புகைப்படத்தைப் பார்த்து மாமா மரத்தில் கடைந்து, அதிலிருந்து அச்சு எடுத்தார். ஒன்று வெடித்தாலும் ஒன்று இருக்கட்டும் என்று எப்போதும் போல இரண்டு ஊற்றினார். இரண்டுமே நன்றாக வந்துவிட்டன.

அதை வாங்கிப் பார்க்கப் பெரியவருடைய பிள்ளை ஷெட்டுக்கு வந்தார். நாங்கள் சின்னவர் என்போம். வண்டியின் பத்திரமெல்லாம் இப்போது அவர் பேரில். செலவும் அவர்தான் செய்தார். நல்ல மனிதர்தான், எங்களிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தினதில்லை. குமிழை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம்" என்றார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். அப்பா கேட்டா ஃபாரின்லேர்ந்து வரணும், இன்னும் வரலைன்னு சொல்லிடுங்கோ."

மாமா புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அவர் இனிமே ஓட்டப்படாது. ஆனா சாவியப் பிடுங்கினா ஆத்துல பெரிய ரகளை ஆயிடும். நாப் வரலைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டார். வெயிட் பண்ணுவார். அப்பா வெயிட் பண்றதுல ரொம்ப நல்லவர்."

அவருடைய பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தின வருஷம் வீட்டில் இருந்த இன்னொரு காரைப் பெரியவர் எடுத்துக்கொண்டு போய், பூக்காரம்மாவின் பலகையில் இடித்துவிட்டார். அந்த அம்மா எழுந்து ஓடியதால் தப்பினாள். பெரியவர் வீட்டில் அதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் ஒரு நாள் எனக்கு அப்படி ஏதாவது செய்ய வேண்டிவரும். செய்யுங்கள். ஆனால் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். போர்ட்டிகோவில் நின்றது. பெரியவர் தினமும் காலையில் காபி குடித்துவிட்டு அதில் போய் உட்காருவாராம். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. நாங்கள் வேறு சின்னச் சின்ன வேலைகளுக்காக அங்கே போக வேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் அந்த மொட்டைக் கம்பியும் அந்தக் கேள்வியும். போகாத நாளில் போன் வரும். மாமா சொன்ன பொய்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. கப்பலில் வருகிறது என்றார். துறைமுகத்தில் நிற்கிறது என்றார். வேறு வண்டிக்கான குமிழை மாற்றி அனுப்பிவிட்டார்கள், திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்றார். பெரியவர் அதற்கும், "பாவம், நோக்கு எவ்வளவு அலைச்சல்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "பொய் சொல்றது கூட கஷ்டமில்ல மாப்ள. அவரு நம்புறாரு பாரு, அதான் கஷ்டமா கீது" என்றார். உங்கள் அம்மா, "உனக்கெதுக்குண்ணா இந்த வேலை? அவங்க அப்பன் பிள்ளை பாத்துக்கட்டும்" என்றாள். எனக்கும் அவள் சொன்னதுதான் சரியென்று பட்டது.

பிறகு ஒரு நாள் பெரியவர் போன் செய்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பக்கத்தில் ஹெட்லைட் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மேஸ்திரி, நெஜத்தச் சொல்லு. அவன்தானே தர வேண்டாம்னுட்டான்?"

மாமா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"சரி, நீ சொல்ல வேண்டாம். நேக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. ஒரே ஒரு காலம்பற. நீ பக்கத்துல உக்காந்துக்கோ. ஒரு சுத்து. அப்பறம் நீயே கழட்டிண்டு போயிடு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நோக்குக் கோடிப் புண்ணியம்."

இதை நான் என் காதால் கேட்டேன். பின்னால் நடந்ததற்கு இது முக்கியம் என்பதால் சொல்கிறேன். கேட்டது அவர்.

மாமா நிறைய யோசித்தார். கடைசியில் டூல் பெட்டியிலிருந்து இரண்டாவது குமிழை எடுத்தார். சின்னவர் காலையில் நடக்கப் போகிற நேரமாகப் பார்த்து இருவரும் போனோம். வண்டிக்குப் பின்னால் நான் பைக்கில் வருவதாகப் பேச்சு. "பின்னாலயே வா மாப்ள. எவனாவது ஆரன் அட்சிக்கினே ஒட்டுனா இவரு பயந்துடுவாரு, நீ நடுவுல பூந்துக்கோ" என்றார். தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கில் கை வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

பெரியவர் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். மாமா கம்பியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, குமிழைச் செருகி, வழக்கம் போல எழுத்தைத் திருப்பிக் காட்டினார். "நேரா கீதா ஐயா?"

"எப்படி இருந்தாலும் சரி, இறுக்கு."

அப்போதும் மாமா அவரைப் பார்க்கச் சொல்லி, நேராக்கித்தான் முடுக்கினார்.

ஒரே இழுப்பில் வண்டி கிளம்பியது. கிழக்கு மாட வீதியில் பூக்காரர்கள் அப்போதுதான் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டுகிற வரை மாமாவின் தோள் விறைத்திருந்தது வண்டியின் பின்கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. பெரியவர் ஊர்ந்துதான் போனார். திரும்பும் இடங்களில் ஜன்னலுக்கு வெளியே முழுக்கையையும் நீட்டிச் சைகை காட்டினார். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னா பெருசு, மாப்பிள்ளை அழைப்பா? ஓரமா போ நைனா" என்றார். பெரியவர் அவருக்கும் கையை ஆட்டிவிட்டுப் போனார். வடக்கு மாட வீதியில் ஒரு அம்மா குறுக்கே வந்தபோது பிரேக் போட்டார், எஞ்சின் நின்றுவிட்டது. மாமா கையைக்கூட அசைக்கவில்லை. பெரியவரே குமிழை இழுத்தார். மறுபடி உறுமியது. பின்னால் நின்ற பால் வண்டிக்காரர் கோபிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவே கொஞ்சம் நின்று வழி விட்ட மாதிரி இருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

வீட்டு வாசலில் வண்டி நுழையும்போது சின்னவர் வேர்வையோடு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு ஏனோ சீக்கிரம் திரும்பிவிட்டார்.

அவர் கத்தவில்லை. வண்டி நின்றதும் ஜன்னலில் குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தார். தன் பையில் இருக்க வேண்டிய குமிழ் அங்கே எப்படி வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

"யார் மாட்டினது இத?"

மாமா கதவைத் திறந்து இறங்கினார். அவர் பேசுவதற்குள் பெரியவர் பேசிவிட்டார்.

"நான் கேக்கலைடா. இவன்தான் கார்த்தால வந்து நின்னான். மாட்டிட்டேன், ஓட்டிப் பாருங்கோன்னான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்களைப் பார்க்கவில்லை.

"ஐயா, நீங்கதான போன்ல" என்று ஆரம்பித்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அந்த அழுத்தத்தில் நான் நிறுத்திக்கொண்டேன்.

சின்னவர் மாமாவிடம், "உங்கள நம்பித்தானே வண்டிய விட்டேன்? ஏதாவது ஆயிருந்தா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். "கழட்டுங்கோ" என்றார் சின்னவர். பெரியவர் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதனால் மாமா மறுபக்கம் போய், பக்கத்து சீட்டில் முழங்காலை ஊன்றி, பெரியவருடைய கைக்குக் கீழாகத் தன் கையை நீட்டி அந்தப் பொடி ஸ்க்ரூவைத் தளர்த்தினார். அப்போது இரண்டு பேர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாமா குமிழைத் துடைத்துச் சின்னவர் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது மாமா என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஷெட் வாசலில் இறங்கியதும், "அவரு அந்த ஊட்லதான சாப்ட்ணும் மாப்ள" என்றார்.

"நாமளுந்தான் மச்சான் சாப்பிடணும்" என்றேன்.

நான் சொன்னது சீக்கிரமே நடந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அந்த ஷெட்டில் வண்டி விட்டால் கவனமாக இருங்கள், சொந்தக்காரருக்குத் தெரியாமல் சாமான் மாட்டுகிறார்கள், வெளியே எடுத்து ஓட்டுகிறார்கள் என்று அதில் வந்ததை எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவரே காட்டினார். அதில் ஒரு வரியும் பொய் இல்லை. பிறகு அவரும் வரவில்லை. வேலைக்கு நின்ற ஒரு வண்டியை முடிப்பதற்கு முன்பே இழுத்துக்கொண்டு போனார்கள். மாமா யாரிடமும் போய் விளக்கம் சொல்லவில்லை. சொல்வதென்றால் பெரியவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். மாமா எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை: "நான்தான் கேட்டேன்" என்று பெரியவர் தன் பிள்ளையிடம் எப்போதாவது சொல்லிவிடுவார் என்பது. இன்றைக்கில்லாவிட்டாலும் கோபம் அடங்கினதும் சொல்லுவார் என்று ரொம்ப நாள் நம்பினார். போன் அடித்தால் முதலில் பேரைப் பார்ப்பார். ஷெட்டைக் காலி செய்கிற அன்றைக்கும் பார்த்தார்.

இப்போது அவர் தரமணியில் ஆபீஸ் பஸ் ஓட்டுகிறார். நான் அடையாறில் ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன். உங்களுக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை என்று நினைக்கிறேன். சின்னவர் மேல் இருந்த கோபம் எனக்கு எப்போதோ போய்விட்டது. பெரியவர் மேல் இருப்பது போகவில்லை. வயசானவர், பயந்துவிட்டார் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். பயந்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். மாமா பேசாமல்தானே இருந்தார்.

போன வாரம் ஒரு சாமான் வாங்க லஸ் பக்கம் போனேன். அங்கே பூங்கா வாசலில் பெரியவரைப் பார்த்தேன். சக்கர நாற்காலி. பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். பாதி உடம்பாகிவிட்டார். போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் அங்கேயே நின்றுவிட்டது.

"அடையாளம் தெரியுதுங்களா ஐயா?"

"தெரியறதே. ஒயரிங்" என்றார். பிறகு, "உன் மச்சான் சௌக்கியமா?"

"பஸ் ஓட்டறாருங்க. தரமணில."

"பெரிய வண்டியா?"

"பெரிய வண்டிதாங்க."

தலையை ஆட்டினார். "அவன்ட்ட சொல்லு" என்று என் கையைப் பிடித்தார்.

அந்தப் பெண் துண்டைச் சரி செய்தபடியே, "யாரு தாத்தா இவங்க? ஆரு ஆரு வந்து பேசுனாங்கன்னு சார் கேப்பாரு, சொல்லணும்" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பெரியவர் அவளைப் பார்த்தார். என் கையை விட்டார்.

"வெயில் ஜாஸ்தியா இருக்குன்னு சொல்லு. பாத்து ஓட்டச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். நொச்சிக்குப்பத்தில் வாங்கிய மீனைப் பின்பக்கம் உட்கார்ந்து அவரே ஆய்ந்துகொண்டிருந்தார். நீங்கள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெரியவரைப் பார்த்த கதையைச் சொன்னேன். கத்தி நின்றது.

"இன்னா சொன்னாரு?"

அவர் கேட்க நினைத்த வார்த்தையை நானே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நம்பியிருப்பார். ஆனால் அந்தக் குமிழ் விஷயத்தில் போதுமான பொய் சொல்லியாகிவிட்டது.

"வெயில் ஜாஸ்தியா இருக்காம். பாத்து ஓட்டச் சொன்னாரு."

மாமா இன்னும் ஏதாவது வருமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீனைத் திருப்பிப் போட்டார்.

"ஏசி பஸ்ஸுன்னு நீ சொல்லலியா?" என்றார்.